தந்தையிடம் கேட்கப்பட்ட கேள்வி: வலிப்பு நோயும் ஒரு நற்செய்தி வாசகமும்

பொதுக்காலத்தின் 7ஆம் வாரத் திங்கட்கிழமைத் திருப்பலிக்கு உரிய நற்செய்தி, மாற்கு 9ஆம் அதிகாரத்தின் 14 முதல் 29 வரையுள்ள வசனங்கள். மத்தேயு எழுதியுள்ள இதே நிகழ்ச்சி 18ஆம் வாரச் சனிக்கிழமையன்று வாசிக்கப்படுகிறது. எங்கள் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் மாற்குவின் இப்பகுதி வாசிக்கப்பட்ட ஒரு காலையில், நரம்பியல் வார்டில் தம் மகனைச் சேர்த்திருந்த தாய் ஒருவர் பாதி வாசகத்தில் எழுந்து வெளியே சென்றுவிட்டார். வலிப்பு வந்து தரையில் புரளும் சிறுவனும், அவனைப் பிடித்திருந்த தீய ஆவியும் அவ்வாசகத்தில் வருகின்றன. பின்னர் வார்டில் சந்தித்தபோது அவர் எங்களிடம் ஒன்றையே கேட்டார்: "அந்தப் பையனைப் பிடித்திருந்தது பேய் என்றால், என் பிள்ளையைப் பிடித்திருப்பது என்ன டாக்டர்?"

அன்று படுக்கையருகே நின்றவாறே நாங்கள் சொன்ன விடை போதுமானதாக இல்லை. நாங்கள் நரம்பியல் மருத்துவர்கள். மறைநூல் அறிஞர்கள் அல்லர். ஆயினும் வலிப்பு நோயுள்ளோரின் வீடுகளில் அச்சத்தோடு வாசிக்கப்படும், அல்லது வாசிக்காமலே புரட்டப்படும் பக்கம் இது என்பதை அறிவோம். மருத்துவமனைக் குருவானவரோடு அமர்ந்து அப்பகுதியைப் பலமுறை படித்தபின் இதனை எழுதுகிறோம்.

முதலில் நிகழ்ச்சி. இயேசு பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரோடு மலைமேல் ஏறுகிறார். அங்கே அவருடைய தோற்றம் ஒளிமயமாக மாறுகிறது. இறங்கி வரும்போது கீழே கூட்டமும் வாக்குவாதமும். ஒரு தந்தை தம் மகனைக் கொண்டுவந்திருக்கிறார். மற்றச் சீடர்களால் அவனைக் குணப்படுத்த முடியவில்லை. மறைநூல் அறிஞர்கள் அவர்களோடு வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். இத்தாலிய ஓவியர் ரபேல் 1520இல் இறப்பதற்கு முன் இறுதியாகத் தீட்டிய பெரிய ஓவியம் இவ்விரு காட்சிகளையும் ஒரே பலகையில் காட்டுகிறது. மேற்பாதியில் ஒளியில் மிதக்கும் கிறிஸ்து. கீழ்ப்பாதியின் இருளில் உடல் முறுக்கி, கண்கள் செருகி நிற்கும் சிறுவனும் அவனைத் தாங்கிப் பிடித்திருக்கும் தந்தையும். இன்று அது வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது. மருத்துவமனையில் இருப்போர் பெரும்பாலும் அந்த ஓவியத்தின் கீழ்ப்பாதியில் இருப்பவர்களே. நற்செய்தி அவர்களை மலைக்கு ஏறி வரச் சொல்லவில்லை. மலையில் இருந்தவர்தாம் இறங்கி வருகிறார்.

இனி, தந்தை தரும் விவரம். சிறுவன் கீழே தள்ளப்படுகிறான், வாயில் நுரை தள்ளுகிறது, பற்களைக் கடிக்கிறான், உடல் விறைத்துப்போகிறது. பிற்பாடு அசைவற்றுக் கிடக்கிறான். சுற்றி நின்றவர்கள் அவன் இறந்துவிட்டதாகவே எண்ணுகிறார்கள். இப்படி நிகழ்வது சிறு வயது முதலே. பலமுறை நெருப்பிலும் நீரிலும் விழுந்திருக்கிறான். எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு தந்தை இவ்வாறு சொன்னால், நாங்கள் குறித்துக்கொள்வது உடல் முழுவதையும் தாக்கும் வலிப்பு என்பதே. முதலில் விறைப்பு, பின் வெட்டியிழுத்தல், அதன்பின் மூளை களைத்து ஓய்ந்த உறக்கம் என்னும் வரிசையைச் சொல்லிவைத்தாற்போல் இவ்வசனங்களில் காண்கிறோம். இருபது நூற்றாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒருவருக்கு நோய்ப்பெயர் எழுதித்தர எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் அந்தத் தந்தை கண்டதும் அந்தத் தாய் தம் வீட்டுக் கூடத்தில் கண்டதும் ஒன்றே என்று சொல்லத் தயக்கமும் இல்லை.

அப்படியானால் தீய ஆவி? அக்காலத்தில் வலிப்பைப் பற்றிப் பேச மக்களிடம் இருந்த மொழி அது. ஆயினும் எல்லாரும் அதே மொழியைப் பேசியதாக எண்ண வேண்டியதில்லை. கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, கிரேக்க மருத்துவர் இப்போக்ரட்டீசின் பெயரில் வழங்கும் நூல்களுள் ஒன்று, புனித நோய் எனப்பட்ட வலிப்பு மற்ற நோய்களைவிடத் தெய்வீகமானது அன்று, அதன் இருப்பிடம் மூளையே என்று வாதிட்டது. மத்தேயு இச்சிறுவனின் நோயைக் குறிக்க நிலவு என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்த கிரேக்கச் சொல்லைக் கையாள்கிறார். பழைய தமிழ் வேதாகமம் அதனைச் 'சந்திரரோகி' என்று மொழிபெயர்த்தது; நிலவின் வளர்தேய்வால் வலிப்பு வருவதாகப் பல நாடுகளிலும் நம்பினார்கள். அதே மத்தேயு தம் 4ஆம் அதிகாரத்தின் 24ஆம் வசனத்தில், இயேசுவிடம் கொண்டுவரப்பட்டோரை வகைப்படுத்தும்போது பேய் பிடித்தோரைத் தனியாகவும், இந்நோயுள்ளோரைத் தனியாகவும், முடக்குவாதமுற்றோரைத் தனியாகவும் எண்ணுகிறார். 17ஆம் அதிகாரத்தில் அவரும் பேய் வெளியேறியதாகத்தான் எழுதுகிறார் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது நற்செய்தியாளர்களுக்கே எப்போதும் இயல்பாயிருக்கவில்லை.

இக்காலத் திருச்சபையின் நிலை இன்னும் தெளிவானது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 1673ஆம் எண்ணில், பேயோட்டும் சடங்கைப் பற்றிப் பேசும் இடத்திலேயே, நோய் என்பது முற்றிலும் வேறானது, அதைக் குணப்படுத்துவது மருத்துவ அறிவியலின் பணி என்று பிரித்துச் சொல்கிறது. ஆகவே அந்தத் தாயின் கேள்விக்கு எங்கள் விடை இது: உங்கள் பிள்ளையை எதுவும் 'பிடித்திருக்கவில்லை'. அவனுடைய மூளையின் நரம்பணுக்களில் சில வேளைகளில் மின்னோட்டம் ஒழுங்கு தவறிப் பாய்கிறது. பிறப்பின்போது ஏற்பட்ட காயம், தலையில் பட்ட அடி, மூளைக் காய்ச்சல், பரம்பரைக் கூறு எனக் காரணங்கள் பல. நம் நாட்டில் நாடாப்புழுவின் முட்டை உணவோடும் நீரோடும் உட்சென்று மூளையில் கட்டியாக வளர்வதும் ஒரு முக்கியக் காரணம். எல்லாச் சோதனைகளுக்குப் பின்னும் காரணம் தெரியாமலே இருப்போரும் ஏராளம். பாவம் இந்தப் பட்டியலில் இல்லை. பெற்றோரின் பாவமும் இல்லை.

இந்த வாசகத்தில் எங்களை மிகவும் நிறுத்திவைப்பது அற்புதம் அன்று, அதற்கு முன் வரும் ஒரு சிறு கேள்வி. சிறுவன் தரையில் புரண்டுகொண்டிருக்கும்போதே இயேசு தந்தையிடம் திரும்பி, இது வரத் தொடங்கி எவ்வளவு காலமாயிற்று என்று கேட்கிறார். மத்தேயுவும் லூக்காவும் இதை விட்டுவிட்டார்கள். மாற்கு மட்டுமே குறித்துவைத்திருக்கிறார். வலிப்பு நோயாளி ஒருவர் எங்களிடம் வரும்போது நாங்கள் கேட்கும் முதற்கேள்வியும் இதுவே. மூளை மின்னலைப் பதிவு எனப்படும் ஈ.ஈ.ஜி.யும் எம்.ஆர்.ஐ.யும் பின்னால் வருபவை, ஈ.ஈ.ஜி. ஒழுங்காக இருப்பதால் மட்டும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. நோயைக் கண்டறிய உதவுவது பார்த்தவர் சொல்லும் வரலாறு. வலிப்பு வந்தவருக்கு நடந்தது பெரும்பாலும் நினைவிராது. எனவே பேச வேண்டியவர் அருகிலிருந்தவர். கண்கள் எந்தப் பக்கம் திரும்பின, எந்தக் கை முதலில் இழுத்தது, எத்தனை நிமிடம், உறக்கத்திலா விழிப்பிலா என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். இயன்றால் மற்றொருவர் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். பிள்ளை துடிக்கும்போது படம் பிடிப்பதா என்று கூசுவோர் உண்டு. அந்த அரை நிமிடப் படம் பல நாள் அலைச்சலைத் தவிர்த்திருக்கிறது.

கூட்டம் வழக்காடிக்கொண்டிருந்தது; அவரோ தந்தையைப் பேசவிட்டார். பல ஆண்டுகளாகத் தாங்கிய ஒருவரிடம், உம் கதையைச் சொல்லும் என்று கேட்பதே மருத்துவத்தின் தொடக்கம் என்பதை நாங்கள் பட்டமேற்படிப்பில் கற்றோம். ஞாயிறுதோறும் நோயாளியைச் சந்திக்க வரும் பங்கு மக்களும் இதைக் கற்றால் நன்று. பலர் வந்தவுடன் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

நெருப்பும் நீரும் இன்றும் அதே ஆபத்துகள். அடுப்பின்மேல் விழுந்து வெந்த கையோடு வரும் பெண்களையும், குளத்திலும் கிணற்றிலும் மூழ்கியோரையும் நாங்கள் காண்கிறோம். வலிப்பு கட்டுப்படும்வரை தரையில் அடுப்பு வைத்துச் சமைப்பதையும், தனியாக நீர்நிலையில் குளிப்பதையும், உயரத்தில் ஏறுவதையும், வண்டி ஓட்டுவதையும் தவிர்க்கவேண்டும். குளியலறைக் கதவை உட்புறம் தாழிட வேண்டாம்.

வலிப்பு வந்துவிட்டால் செய்யவேண்டியவை சிலவே. அருகிலுள்ள கூரிய பொருள்களையும் சூடான பொருள்களையும் அகற்றுங்கள். தலைக்கு அடியில் மென்மையாக எதையேனும் வையுங்கள். கழுத்துப் பித்தானைத் தளர்த்தி, இழுப்பு அடங்கத் தொடங்கியவுடன் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். கரண்டியோ துணியோ விரலோ வாயில் நுழைக்காதீர்கள். முழுதாக விழிக்கும்வரை தண்ணீரும் புகட்ட வேண்டாம். சாவிக் கொத்தைக் கையில் திணிக்கும் வழக்கத்தால் பயனில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். இரும்பு கையிலிருந்ததால் நின்றதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஐந்து நிமிடத்தைக் கடந்தாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ, கருவுற்ற பெண்ணுக்கு வந்தாலோ, முதன்முறையாக வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து நம்பிக்கை. மிகுந்த புண் இங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் பிள்ளைக்குக் குணமாகவில்லை என்று சொல்லக் கேட்ட பெற்றோர் பலரை நாங்கள் அறிவோம். இந்த வாசகத்தைக் காட்டியே அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வாசகத்தைக் கவனமாகப் படியுங்கள். சிறுவனிடம் நம்பிக்கை எதுவும் கேட்கப்படவில்லை. அவன் நினைவின்றிக் கிடக்கிறான். நம்பிக்கையற்ற தலைமுறை என்ற கடிந்துரை, குழந்தை துடிக்கையில் வழக்காடிக்கொண்டிருந்த கூட்டமும் சீடர்களும் நின்ற இடத்தில் விழுகிறது. தந்தையோ, தம்மிடம் நம்பிக்கை உண்டு என்றும், இல்லாத பங்குக்கு உதவவேண்டும் என்றும் ஒரே மூச்சில் கதறுகிறார். பாதி நம்பிக்கை, பாதி ஐயம். அதற்குமேல் அவரிடம் இல்லை. அது போதாதென்று அவர் திருப்பி அனுப்பப்படவில்லை. பல ஆண்டுகள் ஒரு பிள்ளையை நெருப்பிலிருந்தும் நீரிலிருந்தும் இழுத்துக் காத்தவரின் உள்ளம் வேறெப்படி இருக்கும்? தீவிரப் பிரிவின் வாசலில் இரவைக் கழிக்கும் பெற்றோரிடம் நாங்கள் காண்பதும் இந்த இருபாதி உள்ளத்தைத்தான். அதனைப் பாவம் என்று எண்ணி வருந்துவோருக்கு இந்த வசனத்தைக் காட்டுமாறு குருவானவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சீடர்களைப் பற்றியும் ஒரு சொல். அவர்கள் தோற்றுப்போகிறார்கள், பின்பு வீட்டுக்குள் தனியாக இருக்கும்போது, எங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்கிறார்கள். இந்த இடத்தில் நாங்கள் எங்களையே காண்கிறோம். வலிப்பு நோயைச் சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழமுடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எஞ்சிய முப்பது பேரின் முகங்கள்தாம் எங்களோடு வீட்டுக்கு வருகின்றன. அவர்களில் சிலருக்கு அறுவைச் சிகிச்சை உதவும், சிலருக்குச் சிறப்பு உணவுமுறை உதவும், சிலருக்கு எதுவும் போதுமானதாக இராது. முடியவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, ஏன் என்று கேட்ட அந்தச் சீடர்கள், கூட்டத்தின் நடுவில் வழக்காடிய சீடர்களைவிட நல்ல மருத்துவர்கள்.

அவர்களுக்குக் கிடைத்த மறுமொழி, இவ்வகையானது இறைவேண்டலாலன்றி நீங்காது என்பது. பழைய மொழிபெயர்ப்புகளில் நோன்பும் சேர்ந்திருக்கும். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய கையெழுத்துப் படிகளான சினாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும் மாற்குவின் இந்த இடத்தில் நோன்பைக் குறிக்கும் சொல் முதலில் எழுதப்படவில்லை. எனவே புதிய மொழிபெயர்ப்புகள் அதனை அடிக்குறிப்புக்கு நகர்த்துகின்றன. எப்படிப் படித்தாலும், வேண்டுதல் செய்யுமாறு சொல்லப்பட்டது குணமாக்க வந்தவர்களுக்கு. நோயாளிச் சிறுவனுக்கு அன்று. அவனைப் பட்டினி போடச் சொல்லும் வரி எந்தப் படியிலும் இல்லை.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. முழு இரவுச் செபத்தில் கண்விழித்து, உண்ணா நோன்பிருந்து, இனி இறைவன் பார்த்துக்கொள்வார் என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டு, மறுநாள் இடைவிடா வலிப்போடு கொண்டுவரப்படுவோரை ஆண்டுதோறும் காண்கிறோம். தூக்கமின்மை வலிப்பைத் தூண்டும் காரணங்களில் முதன்மையானது. மருந்தைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு அடுக்கடுக்காகத் திரும்பி உயிருக்கே ஆபத்தாகலாம். (உணவைக் கட்டுப்படுத்தினால் சிலருக்கு வலிப்பு குறைகிறது என்பது உண்மைதான், அதிலிருந்தே 1921இல் அமெரிக்க மருத்துவர் ரசல் வைல்டர், கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவுமுறையை முன்மொழிந்தார். அது மருத்துவமனையில் அளந்து கொடுக்கப்படும் சிகிச்சை. வீட்டில் பட்டினி கிடப்பது அன்று.) மாத்திரையைக் குறைப்பதைப் பற்றிப் பல நோயாளிகளிடம் நாங்களே பேசுவோம், ஆனால் பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது வலிப்பின்றிக் கழிந்தபின், அப்போதும் பல மாதங்களில் படிப்படியாக.

நற்கருணை வாங்குவதற்காகக் காலை மாத்திரையைத் தள்ளிப்போடும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அது தேவையே இல்லை. திருச்சபைச் சட்டத்தின் 919ஆம் பிரிவு, நற்கருணைக்கு முன் ஒரு மணிநேரம் உணவும் பானமும் தவிர்க்கச் சொல்கிறது. தண்ணீருக்கும் மருந்துக்கும் அங்கேயே விலக்களிக்கிறது. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் அந்த ஒரு மணிநேரமும் கட்டாயமில்லை. தவக்காலத்திலும் நோயாளிக்கு நோன்பின் கடமை இல்லை. சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தில் நோயாளியிடம் சொல்லும் முறையும் இதுவே: இறைவனிடம் மன்றாடு, பின் மருத்துவருக்கும் இடம் கொடு, அவரையும் படைத்தவர் இறைவனே. செபமா மாத்திரையா என்று தேர்ந்துகொள்ளுமாறு அந்நூல் யாரையும் கேட்கவில்லை. எங்கள் சிற்றாலயத்தில் இரவுச் செபம் ஒன்பது மணிக்குள் முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாசகத்தின் முடிவுக்கு வருவோம். வலிப்பு நின்றபின் சிறுவன் பிணம்போலக் கிடக்கிறான். கூட்டத்தில் பலர் அவன் இறந்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த உறக்கம் மூளை ஓய்வெடுக்கும் நேரம். சில நிமிடம் முதல் சில மணிநேரம்வரை நீடிக்கலாம். விழிக்கும்போது குழப்பமும் வெட்கமும் இருக்கும், ஆடை நனைந்திருக்கலாம். அப்போது சுற்றிலும் நிற்கும் முகங்களைவிட, பக்கத்தில் அமர்ந்து பெயரைச் சொல்லி அழைக்கும் ஒரு குரலே தேவை. இயேசு அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். அவன் எழுந்து நின்றான் என்கிறார் மாற்கு. நோயாளியைத் தொட அஞ்சிய ஒரு காலத்தில் இது சிறிய செயல் அன்று. வாய் நுரையைத் தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று விலகி நிற்போர் இன்றும் உண்டு; வலிப்பு தொற்றுநோய் அன்று.

லூக்கா இன்னொன்றையும் சேர்க்கிறார். அவன் அந்தத் தந்தையின் ஒரே மகன். இயேசு அவனைக் குணமாக்கி மீண்டும் தந்தையிடம் ஒப்படைத்தார். அதன்பின் அவன் என்ன ஆனான் என்று எந்த நற்செய்தியும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போயிருப்பான் என்று மட்டும் எண்ணலாம். எங்கள் நோயாளிகளுக்குக் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. பள்ளிக்கு அனுப்பவேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர்கள், திருமணப் பேச்சு வந்தால் மறைத்துவிடு என்று சொல்லும் உறவினர்கள். நம் நாட்டில் இந்துத் திருமணச் சட்டமும் சிறப்புத் திருமணச் சட்டமும் வலிப்பு நோயைத் திருமணத் தடைகளில் ஒன்றாக வைத்திருந்தன. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சொல்லை நீக்கிவிட்டது. சட்டம் விட்டுவிட்டதைக் குடும்பங்கள் இன்னும் விடவில்லை. மறைத்து மணமுடித்து, கணவர் வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை விழுங்கி, ஒளிக்க இடமில்லாத நாளில் விழுந்து, எங்களிடம் வந்த பெண்கள் பலர். திறந்து சொல்லுங்கள் என்று நாங்கள் கூறுவது எளிது, செய்வது எளிதன்று என்பதை அறிந்தே கூறுகிறோம். பெண்ணையும் மணமகனையும் ஒன்றாக அமர்த்தி நோயைப் பற்றி விளக்க நாங்கள் ஆயத்தமாயிருக்கிறோம். கருவுறும் முன் சில மருந்துகளை மாற்றவேண்டியிருக்கும். அதற்காகவும் முன்கூட்டியே வாருங்கள்.

பள்ளிக்கான கடிதத்தைப் புறநோயாளர் பிரிவிலேயே கேட்டுப் பெறலாம். பிள்ளை வகுப்பில் அமரலாம், விளையாடலாம், வலிப்பு வந்தால் ஆசிரியர் செய்யவேண்டியவை இவை என்று ஒரே பக்கத்தில் எழுதித் தருகிறோம். தொடக்கத்தில் குறிப்பிட்ட தாய், மகனை வீட்டுக்கு அழைத்துச் சென்ற நாளில் மூன்று மாத மாத்திரையோடு அந்தக் கடிதத்தின் இரண்டு படிகளையும் வாங்கிச் சென்றார். ஒன்று தலைமையாசிரியருக்கு, மற்றொன்று தங்கள் பங்குக் குருவானவருக்கு.